கியர் ஆயிலை மாற்றலாமா, வேண்டாமா? - அப்பாவின் சூளை சொன்ன பதில்

போன வருஷம் மே மாதம். அக்னி நட்சத்திர வெயில். புதுச்சேரி ஜிப்மரில் அப்பாவைக் காட்டிவிட்டு விருத்தாசலத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். குறிஞ்சிப்பாடியில் நெரிசல். ஒரு கரும்பு டிராக்டருக்குப் பின்னால் கால் மணி நேரம் ஊர்ந்தோம். வடலூரைத் தாண்டி ரோடு காலியானதும் ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். இரண்டாவது கியரிலிருந்து மூன்றுக்கு மாறும்போது, பின்னாலிருந்து யாரோ எட்டி உதைத்ததுபோல ஒரு வெட்டு.

“என்ன பாப்பா, பள்ளமா?” என்றார் அப்பா.

“ஆமாப்பா, பள்ளம்தான்” என்றேன்.

ரோடு வழுவழுவென்று இருந்தது. நெய்வேலி வருவதற்குள் இன்னும் இரண்டு ‘பள்ளம்’ வந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

எனக்கு அந்த வெட்டு ஏன் அவ்வளவு பயத்தைக் கொடுத்தது என்று சொல்ல வேண்டும். நான் அரசுப் பள்ளி ஆசிரியை. நாற்பது வயதுக்கு மேல்தான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். இடது முழங்காலில் தேய்மானம். கிளட்ச் மிதிக்க முடியாது. அதனால் கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் கார்தான் வேண்டும் என்று தேடி, ஐந்து வருஷத்துக்கு முன்னால் பழைய கார் ஒன்றை வாங்கினோம். வாங்கும்போதே 1,21,000 கி.மீ. ஓடியிருந்தது. அன்று வடலூரில் மீட்டர் 1,63,000-ஐத் தாண்டியிருந்தது.

வீட்டுக்காரருக்கு வெளியூரில் வேலை. அப்பாவுக்கு இதயத்தின் பம்ப் பலவீனம். மாதம் ஒருமுறை ஜிப்மர் போக வேண்டும். பஸ்ஸில் படியேறினாலே அவருக்கு மூச்சு வாங்கும். வாடகைக் கார் ஒவ்வொரு முறையும் கட்டுப்படியாகாது. அந்தக் கார் எங்களுக்குச் சொகுசு இல்லை. அப்பாவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் இருக்கும் ஒரே பாலம் அதுதான்.

“தொடாதீங்க டீச்சர்!”

மறுநாளே எங்கள் மெக்கானிக் அண்ணனிடம் போனேன். என்ஜின் ஆயில், பிரேக் எல்லாம் அவர்தான் பார்ப்பார். ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்து, சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டினார். பழைய ஓனர் ஒழுங்கான ஆள். என்ஜின் ஆயில் மாற்றிய தேதியெல்லாம் வரிசையாக இருந்தது. கியர் ஆயில் என்று ஒரு வரி கூட இல்லை. நான் வாங்கிய பிறகும் மாற்றவில்லை. அப்படி ஒன்று மாற்ற வேண்டும் என்றே எனக்குத் தெரியாது.

“ஆயிலு பழசாயிடுச்சு டீச்சர். அதான் வெட்டுது.”

“அப்போ மாத்திடலாமே அண்ணே?”

“தொடாதீங்க டீச்சர்! ஒன்றரை லட்சம் தாண்டின ஆட்டோமேட்டிக்ல புது ஆயில் ஊத்துனா, அடுத்த மாசம் கியர்பாக்ஸ் போயிடும். நம்மகிட்டயே ரெண்டு வண்டி அப்படிப் போயிருக்கு. இப்படியே ஓட்டுற வரைக்கும் ஓட்டுங்க.”

கியர்பாக்ஸ் போனால் செலவு என்ன என்று கேட்டேன். ஒரு லட்சத்துக்குக் குறையாது என்றார். காரை விற்றாலே ரெண்டரை லட்சம் தேறுவது கஷ்டம்.

பெரிய நகரத்தில் உள்ள ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு போன் செய்தேன். “மெஷின்ல ஃப்ளஷ் பண்ணிடலாம் மேடம். பழைய ஆயில் ஒரு சொட்டு இருக்காது. ஒரு மணி நேரத்துல புத்தம் புதுசு” என்றார்கள். சென்னையில் டாக்ஸி ஓட்டும் சித்தி மகனிடம் கேட்டேன். “நான் நாற்பதாயிரத்துக்கு ஒருமுறை தவறாம மாத்துறேன்க்கா. மூணு லட்சம் ஓடிடுச்சு, கியர் வெண்ணெய் மாதிரி விழுது” என்றான். அவன் முதலிலிருந்தே மாற்றி வருகிறவன். என் காரில் அது மாற்றியதே இல்லையே!

மாற்றாதே என்று ஒருவர். மொத்தமாக மாற்று என்று ஒருவர். ஆரம்பத்திலேயே மாற்றியிருக்க வேண்டும் என்று ஒருவர். எங்கள் ஊர்ப்பக்கம் தீராத பிரச்னை என்றால் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது எழுதிக் கட்டுவார்கள். கியர்பாக்ஸுக்கும் ஒரு பிராது கட்டிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

அந்தச் சிவப்பு எண்ணெய் என்ன செய்கிறது?

பிராது கட்டுவதற்கு முன்னால் படித்துப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். கால்வாசி தூக்கத்தை அந்த வாரம் அதுதான் தின்றது.

சாதாரண கியர் வண்டியில், கியர் ஆயிலின் முக்கிய வேலை பல் சக்கரங்கள் தேயாமல் காப்பது. ஆட்டோமேட்டிக்கில் கதையே வேறு. அங்கே என்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைப்பதே எண்ணெய்தான். டார்க் கன்வர்ட்டர் என்று ஒரு பாகம். எதிரெதிரே வைத்த இரண்டு மின்விசிறிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றைப் போட்டால் அதன் காற்றில் மற்றொன்றும் சுற்றும். காற்றுக்குப் பதில் எண்ணெய், அவ்வளவுதான். அதே எண்ணெய்தான் அழுத்தமாகப் பாய்ந்து, உள்ளே இருக்கும் கிளட்ச் பிளேட்டுகளை அழுத்திப் பிடித்து கியரை மாற்றுகிறது. உயவு கொடுப்பதும், சூட்டைச் சுமந்து போய் ஆற்றி வருவதும், தேய்ந்த துகள்களை அடித்துக்கொண்டு போவதும் அதுவே. ஒரு வீட்டில் அம்மா செய்யும் வேலை மாதிரி. இருக்கும்வரை கண்ணுக்குத் தெரியாது.

இதில் ஒரு விநோதம். அந்த எண்ணெய் வழுக்கவும் வேண்டும், பிடிக்கவும் வேண்டும். பல் சக்கரத்தில் வழுக்க வேண்டும்; கிளட்ச் பிளேட்டில் அளவாகப் பிடிக்க வேண்டும். அந்தப் பக்குவம் அதில் கலக்கும் மருந்துச் சரக்குகளில்தான் இருக்கிறது. பெருமளவில் தயாரான முதல் முழு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ், 1940-ம் வருஷ மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் கொண்டுவந்தது. பின்னாளில் இந்தப் பக்குவத்துக்காகத் திமிங்கல எண்ணெயைக்கூடக் கலந்தார்கள். 1970-களின் தொடக்கத்தில் திமிங்கலத்தைக் காக்க அமெரிக்கா சட்டம் போட்டதும், அதற்கு மாற்றுத் தேட வேண்டி வந்தது.

இந்த எண்ணெய்க்குப் பெரும்பாலும் சிவப்புச் சாயம் ஏற்றியிருப்பார்கள். கீழே சொட்டினால் என்ஜின் ஆயிலா, இதுவா என்று உடனே கண்டுபிடிக்கத்தான்.

இதன் எதிரி சூடு. பத்து டிகிரி சூடு கூடினால் எண்ணெய் கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொறியாளர்களின் கைக்கணக்கு. மே மாத வெயிலில், குறிஞ்சிப்பாடி நெரிசலில், டிராக்டருக்குப் பின்னால் ஊர்வதைவிடப் பெரிய தண்டனை அதற்கு இல்லை.

‘ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்’ என்று சில கார் கம்பெனிகள் சொல்வது உண்டு. யாருடைய ஆயுள் என்பதுதான் கேள்வி! பல பெரிய கார்களுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்து கொடுக்கும் ஜெர்மனியின் இசட்.எஃப் நிறுவனமே, 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் ஒருமுறை ஆயிலை மாற்றச் சொல்கிறது. என் காரின் கையேட்டைத் தேடி எடுத்தேன். ‘கடுமையான பயன்பாடு’ என்று ஒரு தனிப் பட்டியல். அதிக வெயில், அடிக்கடி நின்று நின்று ஓடுதல், தூசி. படித்தபோது எங்கள் ஊர் முகவரியையே எழுதியது போலிருந்தது.

ஆற்றில் தொலைத்ததைக் குளத்தில் தேடலாமா?

சரி, மாற்றத்தான் வேண்டும் என்று புத்தகங்கள் சொல்கின்றன. அப்படியானால் மெக்கானிக் அண்ணன் பார்த்த இரண்டு வண்டிகள்? அவர் பொய் சொல்கிறவர் இல்லை. திரும்பவும் போனேன்.

“அண்ணே, அந்த ரெண்டு வண்டிக்காரங்களும் எதுக்கு ஆயில் மாத்த வந்தாங்க?”

யோசித்தார். “ஒண்ணு, என்ஜின் கத்துது, வண்டி நகரலன்னு வந்துச்சு. இன்னொண்ணு ரிவர்ஸ் எடுக்க மாட்டேங்குதுன்னு வந்துச்சு.”

“அப்போ ஆயில் மாத்தறதுக்கு முன்னாலயே...”

அவர் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். “அட, ஆமால்ல!”

எங்கள் ஊர் மணிமுத்தாற்றில் சுந்தரர் பொன்னைப் போட்டு, திருவாரூர் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்பது கதை. ‘ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது’ என்று பேச்சே இருக்கிறது. அவருக்குச் சிவன் துணை. நமக்குக் காரணத்தைத் தொலைத்த இடத்தில் தேடினால்தான் கிடைக்கும். கிளட்ச் பிளேட் தேய்ந்து வழுக்க ஆரம்பித்த பிறகுதான் பலருக்கும் கியர் ஆயில் ஞாபகமே வருகிறது. ஊற்றிய பிறகு கியர்பாக்ஸ் போனால், பழி புது ஆயில் மேல்.

அதற்காக அண்ணன் சொன்னது முழுக்கத் தப்பும் இல்லை. அதில் இரண்டு உண்மைகள் இருக்கின்றன. ஒன்று, வருஷக்கணக்கில் மாற்றாத கியர்பாக்ஸின் உள்ளே கசடு படிந்திருக்கும். மெஷினை வைத்து, சுத்தம் செய்யும் ரசாயனமும் ஊற்றி, ஒரே மூச்சில் அலசினால் அந்தக் கசடு கிளம்பிப்போய், வால்வு பாடியின் ஊசித் துவாரம் போன்ற வழிகளை அடைக்கலாம். இரண்டு, பிளேட்டுகள் ஏற்கெனவே தேய்ந்திருந்தால், பழைய எண்ணெயில் மிதக்கும் துகள்கள்கூட அவற்றுக்குக் கொஞ்சம் பிடிமானமாக இருக்கும். அதையும் எடுத்துவிட்டால் வழுக்கல் வெளியே தெரிந்துவிடும்.

ஆக, என் காரின் உள்ளே என்ன நிலைமை? அதைத் தெரிந்துகொள்ளாமல் மாற்றுவதும் சூதாட்டம், மாற்றாமல் இருப்பதும் சூதாட்டம்.

சூளைக்காரர் பேசினார்

அன்று ராத்திரி சாப்பிடும்போது அப்பாவே ஆரம்பித்தார். “வண்டியில என்ன கோளாறு? பள்ளம்னு என்கிட்ட கதை விடாத.”

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு லட்சம் செலவைத் தவிர.

அப்பாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் முப்பத்தொரு வருஷம் எங்கள் ஊர் செராமிக் யூனிட் ஒன்றில் சூளை பார்த்தவர். விருத்தாசலம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பழமலைநாதர் கோயிலும் ரயில்வே ஜங்ஷனும் ஞாபகம் வரும். எங்களுக்கு அதோடு பீங்கானும். ஃபியூஸ் கேரியர், இன்சுலேட்டர், ஊறுகாய் ஜாடி, பொம்மை என்று இந்த ஊர்ச் சூளையில் வேகாத பொருள் இல்லை. பீங்கான் படிப்புக்கென்றே இங்கே ஒரு பாலிடெக்னிக் இருக்கிறது. அப்பா அதில் படித்தவர் இல்லை. சூளை வாசலில் நின்று கற்றவர்.

“ஒரு வருஷம் ஆர்டர் அவசரம்னு, நெருப்பு அணைஞ்ச மறுநாளே சூளையத் திறக்கச் சொன்னாங்க. நான் மாட்டேன்னேன். கேக்கல. திறந்தாச்சு. ஜாடியெல்லாம் பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. விரல்ல தட்டிப் பாத்தா ‘ணங்’குனு கேக்கணுமில்ல? ‘டொக்’குங்குது. பாதிக்கு மேல விரிசல்.”

சூளையின் உள்ளே ஆயிரத்து இருநூறு டிகிரிக்கு மேல் போகும். ஆறும்போது சுமார் 573 டிகிரியில் மண்ணில் உள்ள குவார்ட்ஸ் சட்டென்று தன் அமைப்பை மாற்றிச் சுருங்கும். அந்தக் கட்டத்தை மெதுவாகக் கடக்காவிட்டால் பாத்திரம் விண்டுபோகும். இந்தக் கணக்கெல்லாம் எனக்குப் புத்தகத்தில் தெரியும். அப்பாவுக்கு விரலில் தெரியும்.

“அப்போ மெக்கானிக் அண்ணன் சொல்றதுதானே சரி? தொடாம இருந்துடலாமா?” என்றேன்.

“இரு, இன்னொண்ணும் கேளு. பழைய சூளை ஒண்ணு இருந்துச்சு. மேல் வளைவுல செங்கல் ஆடுது. கை வெச்சா விழுந்துடும், கை வெச்சா விழுந்துடும்னு சொல்லிச் சொல்லியே ரெண்டு வருஷம் யாரும் தொடல. கடைசியில தொடாமலே விழுந்துச்சு. உள்ள சரக்கோட.”

மோரைக் குடித்துவிட்டுச் சொன்னார். “தொட்டாக் கெட்டுடும்னா, அது ஏற்கெனவே கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். கெடலைன்னா, தொடுற விதத்துல தொட்டா ஒண்ணும் ஆவாது. அப்புறம் வந்த சூளையில நாங்க வருஷத்துக்கு ஒரு வரிசை, ஒரு வரிசையா செங்கல் மாத்துனோம். முட்டுக் குடுத்து, முதல்ல தட்டிப் பாத்து. நீ முதல்ல தட்டிப் பாத்தியா?”

இல்லை. மூன்று பேரிடம் கருத்துக் கேட்டேனே தவிர, நான் இன்னும் அந்த எண்ணெயைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

தட்டிப் பார்த்தோம்

அந்தச் சனிக்கிழமை மெக்கானிக் அண்ணனிடம், “மாத்த வேணாம்ண்ணே. பார்க்க மட்டும் செய்யலாம்” என்றேன். ஒத்துக்கொண்டார்.

என் காரில் கியர் ஆயிலுக்குத் தனி டிப் ஸ்டிக் உண்டு. சில கார்களில் அது இருக்காது. லிஃப்ட்டில் ஏற்றி, கம்பெனி சொன்ன சூட்டில் வைத்துத்தான் அளவு பார்க்க முடியும். நாங்கள் கையேட்டில் சொன்னபடி காரைச் சமதளத்தில் நிறுத்திப் பார்த்தோம். அளவு சரியாக இருந்தது. ஒரு சொட்டை வெள்ளை டிஷ்யூ பேப்பரில் விட்டோம்.

புது எண்ணெய் மாதுளை ஜூஸ் நிறத்தில் இருக்கும். நாள்பட்டது டீ டிகாக்‌ஷன் நிறத்துக்கு வரும். கன்னங்கரேலென்று, தீய்ந்த வாடையோடு இருந்தால் கிளட்ச் பிளேட் கருகியிருக்கிறது என்று பொருள். ரோஸ் மில்க் மாதிரி வெளுத்துப்போயிருந்தால் அது இன்னொரு ஆபத்து: ரேடியேட்டர் பக்கம் கூலன்ட் தண்ணீர் உள்ளே கலந்துவிட்டது. அப்போது காரை ஸ்டார்ட்டே செய்யக் கூடாது.

எங்கள் சொட்டு டிகாக்‌ஷன். நல்ல ஸ்ட்ராங் டிகாக்‌ஷன். முகர்ந்து பார்த்தேன். பழைய எண்ணெய் வாடை இருந்தது. தீய்ந்த வாடை இல்லை. அண்ணனும் முகர்ந்தார். அப்பா போனில், “வாடை எப்படி? வாடை எப்படி?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு ஓட்டிப் பார்த்தோம். ‘டி’யில் போட்டதும் உடனே பிடித்தது. ரிவர்ஸும் உடனே. மேட்டில் வழுக்கவில்லை. சூடானால் மட்டும் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே அந்த வெட்டு.

“வழுக்கல டீச்சர். வெட்டுதுதான். ஆயில்தான் செத்துப்போயிருக்கு, பிளேட்டு உயிரோட இருக்கு” என்றார் அண்ணன். அன்றைக்குக் கேட்டதிலேயே இனிமையான வார்த்தை அதுதான்.

மூன்று தவணையில் புது எண்ணெய்

கியர்பாக்ஸின் அடியில் உள்ள போல்ட்டைக் கழற்றினால் எல்லா எண்ணெயும் வந்துவிடாது. டார்க் கன்வர்ட்டரிலும் குழாய்களிலும் பாதிக்கு மேல் தங்கிவிடும். முதலில் இது குறையாகத் தெரிந்தது. பிறகுதான் இதுவே நமக்குச் சாதகம் என்று புரிந்தது. அப்பாவின் ஒரு வரிசைச் செங்கல்!

என் காரில் மொத்தம் ஆறு லிட்டர். போல்ட்டைக் கழற்றினால் இறங்குவது இரண்டரை லிட்டர். அவ்வளவை எடுத்து, அவ்வளவே புதிதாக ஊற்றினால் பழையது ஏழில் நான்கு பங்குக்குச் சற்று அதிகமாக மிஞ்சும். ஆயிரம் கி.மீ. ஓட்டிவிட்டு இன்னொரு முறை. அப்போது பழையது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இன்னும் ஆயிரம் ஓட்டி மூன்றாம் முறை. இப்போது ஐந்தில் நான்கு பங்கு புது எண்ணெய். கியர்பாக்ஸுக்கு எந்த நாளிலும் அதிர்ச்சி இல்லை. மூன்று முறைக்கும் சேர்த்து ஏழரை லிட்டர். ஆயில் செலவு ஆறாயிரத்துக்குள் முடிந்தது.

கையேட்டில் எழுதியிருந்த அதே வகை ஆயிலைத்தான் வாங்கினோம். ‘எல்லா வண்டிக்கும் ஆகும்’ என்று கடைக்காரர் நீட்டியதை வாங்கவில்லை. இறங்கிய பழைய எண்ணெயை லிட்டர் தண்ணீர் பாட்டில்களில் அளந்தோம். எவ்வளவு இறங்கியதோ, சொட்டுப் பிசகாமல் அவ்வளவுதான் ஊற்றினோம். கூடினாலும் கெடுதல், குறைந்தாலும் கெடுதல். பழைய எண்ணெயைச் சாக்கடையில் கொட்டாமல், கழிவு ஆயில் எடுக்க வருகிறவர்களிடம் கொடுக்கச் சொன்னேன்.

முதல் தடவை அடி போல்ட்டின் காந்தத்தைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. சாம்பல் நிறத்தில் மை போல அப்பியிருந்தது. அண்ணன் விரலில் தேய்த்துக் காட்டினார். “இது மாவு. தேயுற பொருள் தேயத்தான் செய்யும். இரும்புச் சில்லு சில்லா இருந்தாத்தான் பயப்படணும்.” சில்லு இல்லை.

அன்று வீட்டுக்கு ஓட்டி வந்தபோது ஒவ்வொரு கியருக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். வெட்டு அப்படியே இருந்தது. அடுத்த மாதம் ஜிப்மர் போகும்போதும் இருந்தது, கொஞ்சம் மெலிதாக. அங்கே டாக்டர், அப்பாவின் இதய மாத்திரையின் அளவைச் சிறிது கூட்டினார். ஒரேயடியாகக் கூட்ட மாட்டோம், சில வாரத்துக்கு ஒருமுறை பார்த்துப் பார்த்துத்தான் என்றார். அப்பா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

இரண்டாம் தவணைக்குப் பிறகு வெட்டு, சூடான நேரத்தில் எப்போதாவது வந்தது. மூன்றாம் தவணைக்குப் பிறகு வடலூர் ரோட்டில் அந்த இடம் வந்ததும் நான் காத்திருந்தேன். மூன்றாவது கியர் விழுந்ததே தெரியவில்லை.

“பள்ளத்த மூடிட்டாங்க போல!” என்றார் அப்பா.

உங்கள் காருக்கு என்ன செய்யலாம்?

என் ஒரு காரை வைத்து ஊருக்கே சட்டம் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த அலைச்சலில் கற்றதைச் சொல்லலாம்.

முதலில் உங்கள் கார் எந்த ஆட்டோமேட்டிக் என்று பாருங்கள். விலை குறைந்த கார்கள் பலவற்றில் வருவது ஏ.எம்.டி. அது சாதாரண கியர்பாக்ஸ்தான்; கிளட்ச்சை நமக்குப் பதில் ஒரு கருவி மிதிக்கிறது. அதற்குச் சாதாரண கியர் ஆயிலும், அந்தக் கருவிக்கென்று தனி ஆயிலும் இருக்கும். சி.வி.டி. என்றால் பெல்ட் ஓடும் வகை. அதற்கென்றே தனி எண்ணெய். மாற்றி ஊற்றினால் பெல்ட்டே பாழாகும். இரட்டை கிளட்ச் வகைக்கு வேறு. நான் சொன்ன சிவப்பு எண்ணெய்க் கதை டார்க் கன்வர்ட்டர் வகைக்கு.

அதிகம் ஓடிய கார், கியர் ஒழுங்காக விழுகிறது அல்லது லேசாக வெட்டுகிறது, எண்ணெய் தீய்ந்த வாடை அடிக்கவில்லை என்றால், மாற்றுங்கள். ஆனால் தவணை தவணையாக. முன்பு மாற்றிய கணக்கு கைவசம் இல்லாத காரை மெஷினில் அலச விடாதீர்கள். ஃபில்டர் கழற்றும்படி இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

ஏற்கெனவே வழுக்குகிறது, என்ஜின் கத்தியும் வண்டி நகரவில்லை, எண்ணெய் கருகிப்போயிருக்கிறது என்றால், புது ஆயில் அதற்கு மருந்து இல்லை. அந்தக் காசை வைத்து நல்ல கியர்பாக்ஸ் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஆயில் மாற்றினாலும் போகும், மாற்றாவிட்டாலும் போகும் என்ற நிலையில் ஆயிலைத் திட்டிப் பயன் இல்லை.

புதுக் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை: கையேட்டில் ‘கடுமையான பயன்பாடு’ பக்கத்தைப் படியுங்கள். சித்தி மகன் மாதிரி முதலிலிருந்தே மாற்றி வந்தால், இந்தக் கட்டுரையே உங்களுக்குத் தேவைப்படாது.

இப்போது என் கார் 1,74,000 கி.மீ.யில் ஓடுகிறது. நாளைக்கே கியர்பாக்ஸ் போகாது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. வயசான பொருள், வயசானவர்களைப் போலத்தான். ஆனால் பயத்தில் அதைத் தொடாமல் விட்டேன் என்ற குறை எனக்கு இருக்காது.

மெக்கானிக் அண்ணன் இப்போது ஆட்டோமேட்டிக் கார் வந்தால் முதலில் டிஷ்யூ பேப்பரைத்தான் எடுக்கிறாராம்.

சூளை ஓடிய காலத்தில் அப்பா மணிக்கு ஒருமுறை சூட்டை நோட்டில் எழுதுவார். அதே மாதிரி நீளமான நோட்டு ஒன்றை வாங்கி, கோடு போட்டுக் கொடுத்தார். தேதி, கி.மீ., எவ்வளவு இறங்கியது, எவ்வளவு ஊற்றியது, நிறம், வாடை. ஆறு கட்டம். போன வாரமும் டிப் ஸ்டிக்கைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தேன். சாய்வு நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

“எழுதிட்டியா பாப்பா?”

எழுதிவிட்டேன் அப்பா. நிறம் சிவப்பு. வாடை இல்லை.